பாஸ் மீனுக்கு எந்த சாஃப்ட் பிளாஸ்டிக் லூர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ் என்கிற நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள்: சுவர் முழுக்கத் தொங்கும் ரப்பர்ப் புழு பாக்கெட்டுகளுக்கு முன்னால். புழு, பல்லி, நண்டு, குட்டி மீன் என்று எல்லா உருவமும் இருக்கும். ஒவ்வொன்றிலும் இருபது நிறம் இருக்கும். என்னிடம் வரும் கேள்விகளில் பாதி அங்கிருந்து வருபவைதான். பல வருடம் வீசிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. லூரை, அதாவது செயற்கை இரையை, கையில் எடுத்ததும் முதலில் யோசிக்க வேண்டியது, அது தண்ணீருக்குள் எப்படி விழும் என்பது. நிறமும் வடிவமும் அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள பதில்களை அந்தக் கணக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

சாஃப்ட் பிளாஸ்டிக் என்பது என்ன? கட்டை லூர், உலோக லூர் இருக்கும்போது இது எதற்கு?

பிவிசி கலவையைச் சூடாக்கி, நிறமும் மினுக்கும் சில சமயம் உப்பும் சேர்த்து, அச்சில் ஊற்றி ஆறவைத்தால் வருவதுதான் இது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1949இல் நிக் கிரீம் என்பவர் தன் வீட்டு அடுப்படியிலேயே இப்படிப் புழுக்களை வார்க்க ஆரம்பித்தார். இன்று சுவரில் தொங்குகிற அத்தனைக்கும் மூத்தது அந்தப் புழு.

இதில் இரண்டு சௌகரியம். பாஸ் மீன் இரையைக் கடித்து மெல்லுவதில்லை. வாயைச் சட்டென்று அகலத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. உள்ளே போனது கட்டையாக இருந்தால் உடனே துப்பிவிடும். மெத்தென்று இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு வேண்டியது. இரண்டாவது, தூண்டில் முள்ளின் முனையை லூரின் உடம்புக்குள்ளேயே ஒளித்து வைக்கலாம். பாசிக்குள்ளும் மூழ்கிய மரக்கிளைகளுக்குள்ளும் சிக்காமல் போகும். பாஸ் குடியிருப்பதும் அங்கேதான்.

விழும் விதம் என்றால் என்ன? மூழ்குவது மூழ்குவதுதானே?

இல்லை. ஒருமுறை தெளிந்த தண்ணீரில், படகுத் துறையின் பலகை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு 5 அங்குலக் குச்சிப் புழு ஒன்றை எடை எதுவும் கட்டாமல் கீழே விட்டேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத லூர் அது. வாலும் இல்லை, காலும் இல்லை, பென்சில் துண்டு மாதிரி இருக்கும். ஆனால் அது படுத்தவாக்கில், இரண்டு முனையும் மெல்ல நடுங்க, பக்கவாட்டில் ஆடியபடி இறங்கியது. தூணின் நிழலிலிருந்து ஒரு பாஸ் வந்தது. அவசரப்படவில்லை. புழுவுக்கு ஒரு சாண் பின்னால் நின்று, அது இறங்க இறங்கத் தானும் இறங்கியது. செவுள் ஒருமுறை விரிந்தது, புழுவைக் காணோம். தூண்டில் நரம்பில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணால் பார்த்ததால்தான் சுண்டினேன்.

அதே புழுவில் 10 கிராம் எடை மாட்டியிருந்தால் தலைகுப்புற நேராகத் தரைக்குப் போயிருக்கும். அதுவும் தவறில்லை, அது வேறு வேலை. மீன் நடுத் தண்ணீரில் சும்மா நிற்கும்போது மெல்ல விழுவது வேண்டும். அடர்ந்த பாசிக்கு அடியில் பதுங்கியிருக்கும்போது குண்டு போல விழுவது வேண்டும். மீன் நிற்கிற இடம் முதலில், அங்கே போய்ச் சேருகிற வேகம் அடுத்தது. லூரின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

முதல்முதலாக வாங்குகிறேன். மூன்று பாக்கெட்டுதான் வாங்க முடியும் என்றால்?

5 அங்குலக் குச்சிப் புழு ஒன்று, கொடுக்கு வைத்த கிராஃபிஷ் வடிவம் ஒன்று, மூன்றரை அங்குலத் துடுப்பு வால் மீன் ஒன்று. முதலாவது மெல்ல விழுவதற்கு, இரண்டாவது தரையில் கிடப்பதற்கு, மூன்றாவது நீந்துவதற்கு.

ஒன்றே ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் குச்சிப் புழு. கேரி யமமோட்டோ நிறுவனத்தின் சென்கோ என்ற புழுதான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. இன்று பல நிறுவனங்கள் அதே வடிவத்தில் செய்கின்றன. வாங்கும்போது எடையைக் கவனியுங்கள். உப்பு நிறையச் சேர்த்தது கனமாக இருக்கும். 5 அங்குலத்தில் சுமார் 9, 10 கிராம் வரும். அந்தக் கனம் இருந்தால்தான் ஈயம் இல்லாமலே தூரம் வீசலாம், அந்த நடுக்கமும் வரும். உப்பில்லாத லேசான புழு நீடித்து உழைக்கும். ஆனால் விழும்போது சோர்ந்துபோய் விழும்.

குச்சிப் புழுவின் நடுவில் முள்ளைக் குத்தி வீசுகிறார்களே, அது ஏன்?

அதற்கு வாக்கி ரிக் என்று பெயர். ரிக் என்றால் முள்ளையும் எடையையும் லூரையும் சேர்த்துக் கட்டும் முறை. நடுவில் குத்தியதும் இரண்டு முனையும் தனித்தனியாகத் துடிக்கும். துறையின் தூண்கள், ஓரத்து மரநிழல், முட்டையிடும் காலத்தின் கரையோரத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் இது அருமையானது. 1/0 அளவு முள் போதும். ஒரே குறை, ஒவ்வொரு மீனுக்கும் புழு நடுவில் கிழியும். புழுவின் இடுப்பில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டி, வளையத்துக்குள் முள்ளை நுழைத்தால் ஒரு புழுவில் பல மீன் பார்க்கலாம். முள் திறந்தே இருப்பதால் அடர்ந்த பாசிக்குள் மட்டும் இதைப் போடாதீர்கள்.

நேர் வால் புழு, சுருள் வால் புழு: எது எப்போது?

சுருள் வால், அதாவது ரிப்பன் போல நீண்டு அலையும் வால், தானாகவே வேலை செய்யும். விழும்போதும் அலையும், இழுக்கும்போதும் அலையும். வெதுவெதுப்பான தண்ணீரிலும் கலங்கல் தண்ணீரிலும் மீன் அந்த அலைவை உணர்ந்து வரும். கோடையில் 7 முதல் 10 அங்குலம் வரை தாராளமாகப் போடலாம்.

நேர் வால் அடக்கமானது. நீங்கள் ஆட்டினால்தான் ஆடும். தினமும் பலர் வீசுகிற ஏரிகளிலும், குளிர்ந்த தெளிந்த தண்ணீரிலும் இந்த அடக்கம்தான் மீன் தருகிறது. எங்கும் எடுபடாத நாளில் நான் கையை வைப்பது 6 அங்குல நேர் வாலில்தான்.

கிராஃபிஷ், கிரியேச்சர், பீவர் என்று நூறு பெயர். எல்லாம் ஒன்றுதானா?

ஏறக்குறைய. கிராஃபிஷ் என்பது நன்னீரில் வாழும், கொடுக்கு உள்ள இறால் போன்ற உயிரி. பாஸ் விரும்பித் தின்னும். அதன் வடிவத்தில் வருபவை ஒரு கூட்டம். எதையும் போலில்லாமல் கைகால்களும் கொம்பும் முளைத்தவை கிரியேச்சர். ஒடுங்கிய தட்டை உடம்பும் இரட்டைத் துடுப்பும் உள்ளவை பீவர்.

தேர்வு செய்யும்போது உறுப்புகளை எண்ணிப் பாருங்கள். நீண்டு விரிந்த கைகால்கள் தண்ணீரைத் தடுத்து விழுவதை மெதுவாக்கும், பாசியின் மேல் சிக்கியும் நிற்கும். ஒடுங்கிய பீவர் இடுக்கில் வழுக்கி இறங்கும். அதனால் பாய் போலப் படர்ந்த பாசியைத் துளைத்து இறக்க 28 முதல் 42 கிராம் எடையோடு பீவர். திறந்த தரையில், கற்களுக்கு நடுவே, மெதுவாக நகர்த்தக் கொடுக்கு விரியும் கிராஃபிஷ்.

துடுப்பு வால் மீனுக்கும் ஃப்ளூக்குக்கும் என்ன வேறுபாடு?

துடுப்பு வால் சும்மா சுற்றினாலே வாலை உதைத்துக்கொண்டு நீந்தும். தேடுவதற்கான லூர் அது. மீன் எங்கே என்று தெரியாத காலை நேரத்தில் விசிறி போல நாலாபக்கமும் வீசிச் சுற்றலாம். ஃப்ளூக் என்கிற வால் பிளந்த மெல்லிய மீன் தானாக ஒன்றும் செய்யாது. ராடு முனையால் இரண்டு தட்டுத் தட்டினால் பக்கவாட்டில் துள்ளும், நிறுத்தினால் அடிபட்ட குஞ்சு போல அப்படியே சரியும். சிறு மீன்கள் மேற்பரப்பில் சிதறி ஓடுவதைப் பார்த்தால் ஃப்ளூக்கை எடுங்கள். கடி வருவது அநேகமாக அந்த நிறுத்தத்தில்தான்.

டெக்சஸ் ரிக் கட்டினால் புழு சுழன்று நரம்பு முறுக்கிக்கொள்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

புழு நேராக இல்லை, அவ்வளவுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்; ஏனென்றால் எந்த லூர் வாங்குவது என்பதைவிட இதைச் சரியாகச் செய்வது அதிக மீன் தரும்.

நரம்பில் முதலில் துப்பாக்கிக் குண்டு போன்ற எடையை, கூர்ப்பக்கம் ராடைப் பார்க்கும்படி கோத்துவிடுங்கள். பிறகு ஆஃப்செட் முள்ளை, அதாவது நரம்பு கட்டும் காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளைவு உள்ள முள்ளை, கட்டுங்கள். முள் முனையைப் புழுத் தலையின் நட்டநடுவில் குத்தி, அரை சென்டிமீட்டர் உள்ளே போனதும் அடிப்பக்கமாக வெளியே எடுங்கள். முள்ளை அந்த ஓட்டை வழியே இழுத்து, காதுப் பக்கத்து வளைவு தலைக்குள் உட்காரும்வரை கொண்டுவந்து, முனை புழுவைப் பார்க்கும்படி திருப்புங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். முள்ளைப் புழுவின் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவின் அடி புழுவில் எங்கே படுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தை விரல் நகத்தால் லேசாக அழுத்தி அடையாளம் வையுங்கள். புழுவை அங்கே சற்று மடக்கி, அடையாளத்தில் நேராகக் குத்தி மறுபக்கம் முனையை எடுங்கள். கையை விட்டதும் புழு அளவுகோல் போல நேராகத் தொங்க வேண்டும். நடுவில் கூன் விழுந்தால் பின்னால், வால் பக்கமாகக் குத்திவிட்டீர்கள். இழுபட்டு விறைத்தால் முன்னால், தலைப் பக்கமாகக் குத்திவிட்டீர்கள். சோம்பல் படாமல் எடுத்துத் திரும்பக் குத்துங்கள். கடைசியாக, வெளியே தெரியும் முனையைப் புழுவின் மேல்தோலில் மட்டும் லேசாகச் செருகிவிடுங்கள். பாசியில் மாட்டாது, சுண்டியதும் சட்டென்று வெளியே வரும்.

5 அங்குலக் குச்சிப் புழுவுக்கு 3/0 அளவு முள், 7 அங்குலத்துக்கு மேல் 4/0 அல்லது 5/0. தடித்த உடம்புக்கு வளைவு அகலமான முள் எடுங்கள். சதை குவிந்து முனையை மறைக்காமல் இருக்க இடம் வேண்டும்.

எவ்வளவு எடை போடுவது?

தரை தெரிகிற அளவுக்குக் கனம், அதற்கு மேல் ஒரு கிராம்கூட வேண்டாம் என்பது என் வழக்கம். இரண்டு மீட்டர் ஆழத்துக்குள் 3.5 முதல் 5 கிராம், நான்கைந்து மீட்டர் ஆழத்தில் 7 முதல் 10 கிராம், காற்று அடித்தால் ஒரு படி மேலே. மீன் விரட்டிக் கடிக்கிற நாளில் கனத்தைக் கூட்டிப் பார்க்கலாம். சட்டென்று விழுவதைப் பார்த்தும் பாய்ந்து வரும். சோம்பிக் கிடக்கிற நாளில் குறைத்துக்கொண்டே போங்கள்.

டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி கூடியது. அதே எடைக்குச் சின்னதாக இருக்கும், கல்லா சேறா என்று தெளிவாகக் கைக்குச் சொல்லும். விலை கூடுதல்தான். ஈயம் நீர்ப்பறவைகளுக்கு நஞ்சு என்பதால் சில நாடுகளிலும் மாநிலங்களிலும் சின்ன ஈயத்துக்குத் தடையே உண்டு. வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட் ரிக், டிராப் ஷாட், கரோலினா ரிக்: இவையெல்லாம் எப்போது?

நெட் ரிக் என்பது காளான் தலை போன்ற சின்ன எடை முள்ளில் இரண்டரை, மூன்று அங்குலத் துண்டுப் புழு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக்காரரான நெட் கெடியின் பெயரால் வழங்குகிறது. இதற்கு மிதக்கிற வகைப் பிளாஸ்டிக்கை எடுத்தால் தலை தரையில் இருக்க, புழு செங்குத்தாக நின்று ஆடும். எதுவும் கடிக்காத நாளுக்கான மருந்து இது. பெரிய மீனும் கடிக்கும். புழு சின்னது என்று அலட்சியம் வேண்டாம்.

டிராப் ஷாட்டில் எடை அடியில், முள் அதற்கு ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை மேலே. மீன் தரையைவிட்டுச் சற்று மேலே நிற்கும்போது, அதன் கண்ணுக்கு நேரே லூரை நிறுத்தி ஆட்ட வேறு எதாலும் முடியாது. ஆழமான தெளிந்த ஏரிகளில் இல்லாமல் முடியாது.

கரோலினாவில் 14 முதல் 28 கிராம் எடை முன்னால் தரையைத் தடவிப் போகும். 60 முதல் 90 சென்டிமீட்டர் பின்னால் லூர் மிதந்து வரும். அகன்ற, ஒரே மாதிரியான தரையை வேகமாகத் தேட ஏற்றது.

நிறம் முக்கியமா?

முக்கியம்தான், ஆனால் பாக்கெட் சுவர் நம்மை நம்பவைக்கிற அளவுக்கு இல்லை. பாஸில் வாய் பெரிய வகையான லார்ஜ்மவுத் பாஸின் கண்ணில் நிறம் உணரும் செல்கள் இரண்டே வகை. சிவப்பும் பச்சையும் நன்றாகப் பிரித்தறியும். கருப்பையும் கருநீலத்தையும் அதனால் பிரிக்க முடிவதில்லை, வெள்ளையையும் பளிச்சென்ற மஞ்சள்பச்சையையும்கூட அப்படித்தான் குழப்பிக்கொள்ளும். நாம் மணிக்கணக்காக நின்று தேர்ந்தெடுக்கும் பல வேறுபாடுகள் அதற்கு வேறுபாடே இல்லை.

தெளிந்த தண்ணீருக்கு ஒளி ஊடுருவும் பழுப்புப் பச்சை. கிரீன் பம்ப்கின், வாட்டர்மெலன் என்று எழுதியிருப்பார்கள். கலங்கலுக்கும் இருட்டுக்கும் கருப்பும் நீலமும் கலந்தது. அதன் நிழலுருவம் கெட்டியாகத் தெரியும். சிறு மீன்களைத் துரத்தும்போது வெள்ளை, முத்து நிறம். இந்த மூன்றோடு நான் பல பருவங்களை ஓட்டியிருக்கிறேன். நிறத்தை மாற்றுவதற்கு முன் எடையை மாற்றிப் பாருங்கள்.

வாசனை, உப்பு, பூண்டு எண்ணெய் எல்லாம் பலன் தருமா?

வாயில் எடுத்ததைச் சற்று நேரம் கூட வைத்திருக்க உதவும் என்பது என் அனுபவம். தூரத்தில் இருக்கிற மீனை அழைத்து வரும் என்று நான் நம்பவில்லை. மெதுவாக இழுக்கிற லூருக்கு மட்டும் தடவுகிறேன்.

தண்ணீரின் குளிர், சூட்டுக்கு ஏற்ப லூரை மாற்ற வேண்டுமா?

கட்டாயம். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மீனின் உடல் இயக்கமே மந்தமாகிவிடும், துரத்தாது. சின்னது, உறுப்புகள் குறைந்தது, ஆட்டம் குறைந்தது போடுங்கள். நகர்த்திவிட்டுப் பத்து எண்ணுங்கள். குளிரில் பிளாஸ்டிக்கும் விறைக்கும். கோடையில் அழகாக உதைத்த துடுப்பு வால் அப்போது கட்டையாக வரும், அதனால் இன்னும் மென்மையான ரகம் வேண்டும். 15 முதல் 20 டிகிரிக்குள் முட்டையிட ஓரத்துக்கு வரும். குச்சிப் புழுவுக்கும் கிரியேச்சருக்கும் அதுதான் காலம். கூட்டைக் காக்கிற மீனைப் பிடித்தால் உடனே அதே இடத்தில் விட்டுவிடுங்கள். அது இல்லாத சில நிமிடத்தில் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். சில இடங்களில் அந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கவே தடை இருக்கும்.

மீன் கடித்ததே தெரிவதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நரம்பைப் பாருங்கள். துறையில் நான் பார்த்த அந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள்: புழு உள்ளே போய்விட்டது, கைக்கு ஒன்றும் வரவில்லை. விழும்போது நரம்பு லேசாகத் துடித்தால், பக்கவாட்டில் நகர்ந்தால், தரை வருவதற்கு முன்பே தொய்ந்தால், அதெல்லாம் கடிதான். சில சமயம் ஈரத்துணியை இழுப்பது போல ஒரு பாரம் மட்டும் தெரியும். தொய்வைச் சுற்றிவிட்டுச் சுண்டுங்கள். முள் ஒளிந்திருக்கிற டெக்சஸ் ரிக்குக்கு வலுவாக. வாக்கிக்கும் டிராப் ஷாட்டுக்கும் ராடை உயர்த்திச் சுற்றினாலே போதும்.

ஸ்மால்மவுத் பாஸுக்கும் இதே லூர்கள்தானா?

ஆமாம், ஆனால் வாய் சிறிய இந்த வகைக்கு அளவில் ஒரு படி சின்னதாக. பாறையும் தெளிந்த தண்ணீரும் அதன் இடம் என்பதால் நெட் ரிக்கும் டிராப் ஷாட்டும் முன்னுக்கு வரும். கூடவே டியூப்: உள்ளே குழல், பின்னால் குஞ்சம். எடையைக் குழலுக்குள் செருகிவிட்டால் சுழன்று சுழன்று இறங்கும். ஸ்மால்மவுத் அந்தச் சுழலை விடுவதே இல்லை.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

வந்த பாக்கெட்டிலேயே வையுங்கள். நான் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கினேன், மிதக்கும் வகைப் புழுக்களையும் சேர்த்து. அவை டிபிஇ எனும் வேறு பொருள். பிவிசியோடு ஒட்டியிருந்தால் இரண்டும் கரைந்துவிடும். அடுத்த முறை திறந்தபோது பல நிறமும் உருகி, பெட்டியின் அடியில் பிசின் போல ஒட்டிக் கிடந்தது. கத்தியால் சுரண்டியும் போகவில்லை. கருப்புப் புழுவோடு வெளிர் நிறத்தைப் போட்டாலும் சாயம் ஏறும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். பாக்கெட்டுக்குள் மடங்கிப் போன வாலைச் சுடுதண்ணீரில் சில வினாடி முக்கி, நேராக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் பழைய நிலைக்கு வரும்.

கிழிந்த புழுவை என்ன செய்வது?

தலை கிழிந்தால் ஒரு அங்குலம் வெட்டிவிட்டு நெட் ரிக்குக்கு வைத்துக்கொள்ளலாம். சின்னக் கிழிசலை சூப்பர் குளூ ஒட்டும். இனி உதவாது என்றால் சட்டைப் பையிலோ ஒரு காலி பாக்கெட்டிலோ போட்டுக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீரில் எறிந்தால் அது மக்காது. தரையில் கிடப்பதை மீன் எடுத்து விழுங்கும், வயிற்றிலேயே தங்கிவிடும். நான் படகில் மூடியுள்ள ஒரு பழைய டப்பா வைத்திருக்கிறேன். மற்றவர்கள் விட்டுப்போய்க் கரையோரம் கிடப்பவற்றையும் அதில்தான் பொறுக்கிப் போடுகிறேன்.